வெள்ளிக்கிழமைக்கு ஒரு கனவு

2021 மார்ச் 12, வெள்ளிக்கிழமை காலை. கிர்கிஸ்தானின் காரகோல் நகரத்து வீடொன்றில், ஒரு சொட்டு எண்ணெய் விடாமல் ஓட்ஸ் மாவில் வார்த்த முதல் குய்மாக் அப்பம் கல்லிலேயே கருகியது.

ஜிர்கல் அதைத் தட்டில் வாங்கி, கரண்டியால் தட்டிப் பார்த்தார். டொக்கென்றது.

"அனார், இதுக்குச் சோடி எங்க? இன்னொண்ணும் சுட்டுட்டேன்னா கால்ல மாட்டிக்கிட்டுச் சந்தைக்குப் போயிட்டு வந்துடுவேன்."

அவர் மனைவி அனார்குல் திரும்பவில்லை. ஓட்ஸைப் பொடித்து, மோர் விட்டு, முட்டை ஒன்று உடைத்து, ஆப்பிள் துருவிப் போட்டுக் கரைத்த மாவில் அடுத்த கரண்டியை எடுத்தாள்.

"நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்கிறது உங்களுக்கா எனக்கா? பேசாம சாப்பிடுங்க."

ஜனவரியில் பிஷ்கெக்கில் வைத்தது. எண்ணெய்ப் பலகாரத்தை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். ஊர் திரும்பிய அன்றே அனார்குல் எண்ணெய்ப் பாட்டிலைத் தன் பழைய கம்பளிக் காலணிக்குள் ஒளித்துவைத்தாள்.

அது வெளியே வர ஒரே வழிதான் இருந்தது.

அந்த ஊர் வழக்கப்படி, இறந்தவர்கள் கனவில் வந்தால் எண்ணெய் காய்ச்சி, அந்த மணத்தை அவர்களுக்கு எழுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமையானால் இன்னும் விசேஷம். எண்ணெயில் ஏழு குய்மாக் சுட்டு, அவர்கள் பேரில் குர்ஆன் ஓதி, அக்கம்பக்கத்துக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்கும் முன் ஓதியவர் கொஞ்சம் பிட்டு வாயில் போட்டுக்கொள்ள வேண்டும்.

முப்பது வருடம் மினிபஸ் ஓட்டிவிட்டு வந்து கட்டையாய்த் தூங்கிய மனிதருக்கு, பிப்ரவரியிலிருந்து கனவு வரத் தொடங்கியது.

முதலில் அப்பா வந்தார். அப்புறம் பெரியப்பா. போன வாரம், பட்டாளத்தில் கூட இருந்த கூட்டாளி. "தனியா வந்தாரா, பட்டாளத்தோடயா?" என்று கேட்டுவிட்டுத்தான் அனார்குல் பாட்டிலை எடுத்தாள். இறந்தவர் பெயரைச் சொன்ன பிறகு மறுக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

ஜிர்கல் பிட்டுக்கொள்ளும் துண்டும் வாரத்துக்கு வாரம் வளர்ந்தது. போன வாரம் அது முழுதாக இரண்டு.

"இன்னைக்கு யாரு?" என்றாள் இப்போது. "உங்க ஆளுங்க டாக்டர் சீட்டைப் பாத்துட்டுத்தான் அங்கேருந்து கிளம்புறாங்க போல. இனி உங்க தம்பி ஒருத்தர்தான் பாக்கி. அவரு உயிரோட இருக்காரு."

தன் பக்கத்தில் ஆள் தீர்ந்துவிட்டது ஜிர்கலுக்கும் தெரியும். அதனால் சட்டென்று சொன்னார்.

"உங்கம்மா வந்தாங்க."

கரண்டி பாதியில் நின்றது.

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

அந்த அம்மா போய் ஒன்பது வருடம். அப்போது அனார்குல் மாஸ்கோவில் ஏதோ ஓர் அலுவலகத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். டிக்கெட் கிடைத்து வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. நாரினில் இருக்கும் தங்கையின் கனவில் அம்மா மாதம் தவறாமல் வருவாள். தங்கையும் மாதம் தவறாமல் போன் போட்டுச் சொல்வாள். அனார்குல் கனவில் ஒருமுறைகூட வந்ததில்லை.

"அம்மாவுக்கு எம்மேல கோபம்," என்று ஒருநாள் தட்டுக் கழுவிக்கொண்டே சொல்லியிருக்கிறாள்.

அனார்குல் உள்ளே போய்ப் பாட்டிலோடு வந்தாள். தலைத்துணியை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள். கோதுமை மாவு கரைத்தாள். எண்ணெய் காய்ந்து மணம் கிளம்பியதும் வாசற்கதவைக் கொஞ்சம் திறந்துவைத்தாள்.

வாரம் முழுக்க அந்த மணத்துக்குத்தான் அவர் காத்திருந்தார். இப்போது நாக்கு வறண்டு கிடந்தது.

முதுகைக் காட்டியபடியே அவள் கேட்டாள்.

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டாங்களா?"

இல்லை என்று சொல்லலாம். கனவே இல்லை என்றும் சொல்லலாம். ஜிர்கல் தன் தட்டில் கிடந்த கருகலைப் பார்த்தார்.

"கேட்டாங்க."

"என்னன்னு?"

"'இவ இன்னும் முதல் குய்மாக்கைக் கருக்கிக்கிட்டுத்தான் இருக்காளா, மாப்ளே'ன்னு."

உயிரோடு இருந்தபோது, வரும்போதெல்லாம் இதே மேசையில் உட்கார்ந்து அந்த அம்மா கேட்டது அது.

அனார்குல் அடுப்பைச் சின்னதாக்கினாள்.

"சிரிச்சுக்கிட்டா கேட்டாங்க?"

"சிரிச்சுக்கிட்டுத்தான்."

அவளும் சிரித்தாள். பிறகு மாவுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கன்னமெல்லாம் மாவு.

ஏழும் சுட்டாயிற்று. ஜிர்கல் ஓதினார். வழக்கமாக மூச்சுவிடாமல் ஓதி முடிப்பவர், இன்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி ஓதினார்.

"பெருசாவே எடுத்துக்குங்க," என்று தட்டை நகர்த்தினாள் அனார்குல். "எங்கம்மா பேர்ல சுட்டது. இன்னைக்கு ஒண்ணும் சொல்லமாட்டேன்."

அவர் நகத்தளவு பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். தட்டைத் துணியால் மூடி, தானே பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். திரும்பி வந்து, கருகிப்போன ஓட்ஸ் குய்மாக்கைத் தேநீரில் தோய்த்துத் தோய்த்து முழுவதும் தின்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, யாரும் யார் பெயரும் சொல்லாமலே அனார்குல் எண்ணெய் காய்ச்சினாள். ஏழும் அக்கம்பக்கத்துக்குப் போயின.

ஜிர்கலுக்கு அதன்பின் கனவு வரவில்லை.