சத்தம் போடாத லேப்டாப்

"இருட்டுல டைப் அடிக்க இதுல எது வசதியா இருக்கும்?"

மகள் மெதுவாகத்தான் கேட்டாள். ஆனால் அப்பா பஸ் டிரைவர். எழுபது பேர் இரைச்சலுக்கு நடுவிலும் கண்டக்டரின் விசிலைப் பிடிக்கிற காது அவருக்கு.

இருட்டுலயா? இருட்டுல என்ன டைப் அடிக்க வேண்டியிருக்கு?

அவர்கள் கைக்கு எட்டுகிற விலையில் அந்தக் கடையில் இருந்தவை மொத்தம் மூன்று லேப்டாப்கள். விற்பனைப் பெண் மூன்றாவதில் ஒரு பொத்தானை அழுத்தினாள். எழுத்துகளுக்கு அடியில் வெளிச்சம் வந்தது.

"இது ஒண்ணுலதான் கீபோர்டு லைட் இருக்கு. ஆனா போன வாரம் வந்தப்பவே சொன்னேனே மேடம், இதுல மெமரி பாதிதான். கட்டட பிளான் வரையிற படிப்புக்கு முதல் லேப்டாப்தான் நல்லது. விலையும் ரெண்டுக்கும் ஒண்ணுதான்."

போன வாரம் வந்தாளா? வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

"மெமரின்னா என்னம்மா?" என்று டிரைவர் இடையில் புகுந்தார்.

"பஸ்ல சீட்டு மாதிரி சார். சீட்டு கம்மின்னா வேலையெல்லாம் நின்னுக்கிட்டே வரும்."

அது அவருக்கு நன்றாகவே புரிந்தது. புரியாதது மகள்தான். மூன்றாவது லேப்டாப்பின் மேல் காதைச் சாய்த்து, எழுத்துகளைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல சத்தமே வரல. உள்ள ஃபேன் சத்தம் வருமா?"

"இதுல ஃபேனே கிடையாது மேடம்."

மகள் முகம் மலர்ந்தது. அப்பா முகம் கடுகடுத்தது.

"இருட்டுல வேலை. சத்தமும் வரக் கூடாது. இந்த ரெண்டும் யாருக்கு வேணும்? திருடனுக்குத்தான் வேணும்!"

விற்பனைப் பெண் சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அவர் விட்டிருப்பார். பத்தொன்பது வயசுப் பெண் அப்பாவின் ஜோக்குக்குச் சிரிக்காமல் குனிந்துகொண்டால் என்ன அர்த்தம்?

மகள் பை பார்க்க அடுத்த வரிசைக்குப் போன நேரத்தில், அவர் விற்பனைப் பெண்ணிடம் குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, போன வாரம் கூட யார் வந்தாங்க?"

"தனியாதான் வந்தாங்க சார்."

"நெஜமாவா?"

"ஆமா சார். ஆனா ஒண்ணு, இந்தப் பக்கத்து லைட்டையெல்லாம் அணைக்கச் சொன்னாங்க. என்னை மூணு லேப்டாப்லயும் மாத்தி மாத்தி டைப் அடிக்கச் சொல்லிட்டு, அந்த மூலையில போய்க் கண்ணை மூடிக்கிட்டு நின்னாங்க. இப்படி ஒரு கஸ்டமரை நான் பார்த்ததே இல்ல."

யார் கண்ணில் படாமல், யார் காதில் விழாமல், யாருக்கு என்ன எழுதப் போகிறாள்? எந்த வீட்டுப் பையனோ! இவளை நம்பித்தானே சங்கத்தில் கடன் வாங்கிக் காலேஜில் சேர்த்தார்.

மகள் திரும்பி வந்ததும் முந்திக்கொண்டார்.

"முதல் லேப்டாப்பையே பில் போடும்மா."

"அய்யோ, வேணாம்பா. மூணாவதுதான் வேணும்."

"படிப்புக்கு உதவாததை எதுக்கு வாங்கணும்?"

"மெமரியை அப்புறமா சேர்த்துக்கலாம்பா. அதுல அதுக்கு இடம் விட்டிருக்காங்க. அதுவரைக்கும் நான் சமாளிச்சுக்கிறேன்."

"எல்லாத்துக்கும் பதிலைத் தயாரா வச்சிருக்கே! மடியில கனமில்லேன்னா வழியில எதுக்குப் பயம்? யாருக்குத் தெரியாம என்ன பண்ணப் போறே? நேராச் சொல்லு."

குரல் எகிறிவிட்டது. டிவி பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மகளின் கண் கலங்கிவிட்டது.

"ஒரே ரூமுப்பா நமக்கு. எட்டு மணிக்கு எல்லாரும் படுத்துடுறீங்க. எனக்கு வீட்டுப்பாடமே அப்பதான் ஆரம்பிக்குது."

"அதுக்கு? லைட்டைப் போட்டுக்கிட்டுப் படி! இத்தனை நாளா அப்படித்தானே படிச்சே? அணைன்னு ஒரு நாளாவது சொல்லியிருக்கேனா? நான் தலையைச் சாய்ச்சா இடி விழுந்தாலும் எழுந்திரிக்க மாட்டேன். அப்புறம் எதுக்கு இந்தத் திருட்டு லைட்டு?"

மகள் சுற்றிலும் பார்த்தாள். மற்றவர்களுக்குக் கேட்காதபடி அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"போன வாரம் காலைல முதல் டிரிப்ல ஸ்டியரிங்லயே கண்ணசந்துட்டீங்களாமே. கண்டக்டர் மாமா சொன்னாரு."

வீட்டில் மூச்சு விடக் கூடாது என்று அந்த மனுஷனிடம் டிரைவர் எவ்வளவு கெஞ்சியிருந்தார்!

"அது... அது ஒரு நொடிதான். சிக்னல்ல நின்னுட்டிருந்தப்ப. அதுக்கும் நீ லைட் போட்டுப் படிக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்? நான்தான் எட்டு மணிக்கே குறட்டை விட்டுத் தூங்கிடுறேனே!"

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"போதும்பா, நடிச்சது. நெஜமா தூங்கினா நீங்க குறட்டையே விட மாட்டீங்க."