பங்காளியின் பம்பை

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் மத்தியானம், மலையடிவாரத்தில் கோதண்டத்தின் பம்பை ரிப்பேர் கடையில் தோல் வாடைக்கு ஈ மொய்க்கிறது. எதிரில் குந்தியிருப்பவன் அம்மையார்குப்பத்து வீரபத்திரன். அவன் பம்பையைத் தட்டினால் அரக்கோணத்தில் நிற்கிற ரயில் புறப்பட்டுவிடும். அப்படிப் புறப்பட்ட ரயிலில் நானே ஒருமுறை போயிருக்கிறேன். ஆனாலும் நாளைக்கு ஊர்க் காவடிக்கு முன்னால் அடித்துக்கொண்டு மலையேறப் போவது அவனா, அவன் பங்காளி எல்லப்பனா என்று பெரியவர்கள் இன்னும் சொல்லவில்லை. இரண்டு பேர் பம்பையும் தோல் மாற்ற இங்கேதான் வந்திருக்கின்றன. சாக்குத் தடுப்புக்குப் பின்னால் கோதண்டத்தின் மனைவி கெங்கம்மாள் ஒன்றைத் தட்டிப் பார்க்கிறாள். கணீரென்ற சத்தத்தில் கூரைக் காக்கை எழுந்து பறக்கிறது. வீரபத்திரனின் முகம் சுண்டிப்போகிறது. “எல்லப்பனுதுக்கு மட்டும் நல்ல தோலா பாத்து போட்டுகிறே. எனக்கு நோஞ்சான் ஆட்டுத் தோலு. இன்னா நாயம் நைனா இது?” கோதண்டம் கயிற்றை முறுக்கியபடியே, “அது உன்னுதுதான்டாப்பா” என்கிறார். கெங்கம்மாள் சாக்கைத் தூக்கிக் காட்டுகிறாள். வெயில் பட்டுப் புதுத்தோல் மின்னுகிறது. அவனுடையதேதான். வீரபத்திரன் அதைத் தொடக்கூட இல்லை. “அப்போ அவனுது எங்க?” கோதண்டம் மோவாயால் மூலையைக் காட்டுகிறார். அங்கே இன்னும் தோல் போடாத வெறும் உருளை, இரண்டு பக்கமும் திறந்து கிடக்கிறது. வீரபத்திரன் எழுந்து போய் அதற்குள் முகத்தை விடுகிறான். வெகுநேரம் முகத்தை வெளியே எடுக்கவில்லை. உள்ளேயிருந்து பெருமூச்சு கேட்கிறது: “காத்து எப்பிடி வருது பாரு இதுல. என்னுதுல எங்க வருது?”