காவலுக்கு ஒரு நாய்

"சார், நீங்கதான் திருடன். கேட்டுக்கு வெளிய போய் நின்னு, மெதுவா உள்ள நடந்து வாங்க" என்றார் நாய்ப் பண்ணைக்காரர்.

"என்னைப் பாத்தா அப்படியா தெரியுது?" என்றான் அண்ணன்.

"நான் நடந்தா எல்லாம் வாலை ஆட்டும் சார். அதனால வாங்க வர்றவங்களைத்தான் நடக்க விடுவேன். காவல் எப்படின்னு நீங்களே பாத்துக்கலாம்ல."

அண்ணன் தங்கையைப் பார்த்தான். "எல்லாம் உனக்காகத்தான் பாப்பா."

தலையில் நரை விழுந்த பிறகும் அவள் அவனுக்குப் பாப்பாதான்.

போன வாரம் ராத்திரி அவள் வீட்டு வாசலில் ஒரு ஆள் நின்றிருக்கிறான். எதிர்வீட்டு மாடிக்காரர் பார்த்துவிட்டு விளக்கைப் போட்டதும் விறுவிறுவென்று போய்விட்டானாம். விஷயம் காதுக்கு வந்ததிலிருந்து அண்ணனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒத்தையில் கிடக்கிற தங்கைக்குக் காவலாக ஒரு நாய் வாங்கியே தீருவது என்று, வயரிங் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு அவளையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். குட்டி வேண்டாம். வளர்ந்த நாய், இன்றைக்கே.

முதலில் ஜெர்மன் ஷெப்பர்ட். அண்ணன் நாலடி வைத்திருப்பான், சங்கிலி அறுந்துவிடும் போல அது எகிறியது. ஒரு செருப்பை உள்ளேயே விட்டுவிட்டு கேட்டுக்கு வெளியே ஓடிவிட்டான்.

"பாத்தீங்களாம்மா? சொன்ன பேச்சைக் கேக்கும். வீட்டு ஆளுங்கன்னா உயிரையே விடும். குறைன்னா, முடி கொட்டும். வயசானா இடுப்பு வலி வரும், எனக்கு வந்த மாதிரி."

"தெரியாதவங்கன்னா எல்லார்கிட்டயும் இப்படித்தானா?" என்று கேட்டாள் அவள். "சும்மா தலையைக் குனிஞ்சு நிக்கிறவங்ககிட்டயும்?"

"நின்னா என்ன, உக்காந்தா என்ன? புது ஆள்னா விடாது."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "முடி கொட்டும்னா வேணாம். நான் தைக்கிறது பூரா ஆஸ்பத்திரிக் கோட்டு. வெள்ளைத் துணி."

அடுத்தது டாபர்மேன். அது குரைக்கவே இல்லை. காதை விறைத்துக்கொண்டு பார்த்தது, பார்த்தது, சத்தமில்லாமல் பாய்ந்தது. சங்கிலி இருந்ததால் அண்ணன் பிழைத்தான்.

"இது ஒருத்தர்கிட்ட ஒட்டிக்கிச்சுன்னா அவ்வளவுதான். நீங்க பாத்ரூம் போனாலும் கதவுக்கு வெளிய உக்காந்திருக்கும். முடித் தொல்லை கிடையாது. ஆனா குளிர் தாங்காதும்மா, ராத்திரி உங்க போர்வைக்குள்ள வந்துரும்."

"சொல்லாம கொள்ளாம பாயுதே." அவள் முகம் வெளுத்திருந்தது. "வேணாம். கட்டில்ல இடம் இல்ல."

"ரெண்டு பேர் படுக்கிற கட்டில்ல இவ ஒத்தையா படுக்கிறா. இடம் இல்லையாம்" என்றான் அண்ணன், கேட்டுக்கு வெளியிலிருந்தே.

அந்தக் கட்டிலில் சுவரோரம்தான் அவள் இன்னமும் படுக்கிறாள்.

மூன்றாவது ராட்வைலர். தலையே ஒரு தண்ணீர்க் குடம் அளவு. அது உறுமிய உறுமலில் அண்ணன் கேட்டைத் திறக்கவே இல்லை.

"புலி மாதிரி இருக்கு பாப்பா. இதையே முடிச்சிருவோம்."

"நடக்கக் கூட்டிட்டுப் போனா அது என்னை இழுத்துட்டுப் போகும். தெருவே சிரிக்கும்."

"பொண்ணு பாக்கப் போன இடத்துல மாமியார்க்காரி சொல்ற மாதிரி எல்லாத்துக்கும் ஒரு நொட்டை சொல்றா பாருங்க" என்று பண்ணைக்காரரிடம் முறையிட்டான் அண்ணன். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

கடைசிக் கூண்டில் ஒரு லேப்ரடார், காலித் தட்டை வாயில் கவ்விக்கொண்டு நின்றது.

"அது எப்படி?" என்றாள்.

"அது காவலுக்கு ஆகாதும்மா. பிள்ளைங்க இருக்கிற வீட்டுக்குன்னா தங்கம். ஆனா வாயைக் கட்டாது. செருப்பு, சோப்பு, எதைக் கண்டாலும் தின்னும். நாம பட்டினி போடுற மாதிரியே ஒரு மூஞ்சியை வெச்சுக்கும்."

"அண்ணனை ஒரு தடவை நடந்து காட்டச் சொல்லுங்க."

அண்ணன் பயந்து பயந்து உள்ளே வந்தான். பண்ணைக்காரர் கூண்டைத் திறந்ததும் லேப்ரடார் தட்டைப் போட்டுவிட்டு அவனிடம் ஓடியது. முன்னங்கால் இரண்டையும் அவன் நெஞ்சில் வைத்து, கழுத்திலிருந்து காது வரைக்கும் நக்கியது. வாலோடு சேர்ந்து இடுப்பும் ஆடியது.

"முன்னப் பின்ன பாக்காதவங்ககிட்டயும் இப்படித்தானா?"

"யாரா இருந்தாலும் இதே மரியாதைதான். அதாம்மா அதோட பெரிய குறை."

"இதையே குடுங்க."

பண்ணைக்காரர் கழுத்துப் பட்டை எடுக்க உள்ளே போகும் வரைக்கும் அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"உனக்கு மூளை கீளை இருக்கா? மறுபடி அவன் வந்தா, இது கையை நக்கி உள்ள கூட்டிட்டு வரும்."

"வரட்டும்."

"என்ன பேசுற நீ?"

அவள் நாயின் காதைத் தடவிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்.

"அன்னைக்கு நான் முழிச்சுத்தாண்ணே இருந்தேன். வந்தவர் பூட்டை உடைக்கல, சாவி போட்டுத் திறக்கப் பாத்தார். நான் எந்திரிச்சு ஓடி வர்றதுக்குள்ள எதிர்ல லைட்டைப் போட்டுட்டாங்க. மூணு வருஷம் முன்னாடி நீ பேசுன பேச்சுல வீட்டை விட்டுப் போனாரே உன் மாப்பிள்ளை, அவர்கிட்ட இருந்த சாவி அது. நீதான் அப்புறம் பூட்டை மாத்திட்டியே."