மதுரையிலிருந்து வரும் புதுசு

ராஜபாளையத்தில் என் தங்கை வீட்டுக் கூடத்தில் அன்று இருந்தவர்கள் இவர்கள்: தங்கை தங்கபாய், அவள் கணவர் பொன்னுராஜ், என் தம்பி வேலுசாமி, என் மனைவி பரிபூரணம், நான். வேன் டிரைவர் சோணைமுத்து வாசலோடு நின்றுகொண்டான். அவன் எதையும் காதால் கேட்கவில்லை. பொன்னுராஜ் குளித்துவிட்டு வருவதற்குள், தங்கபாய்க்கு நாங்கள் சீராகக் கொடுத்த பித்தளை அண்டா வேனில் ஏறியிருந்தது.

தலை நரைக்கும்வரை குடித்தனம் செய்தவளை விலக்கிவிட்டு வேறொருத்தியைக் கொண்டுவந்தால், மம்சாபுரத்தில் நாங்கள் எந்த முகத்தோடு நடமாடுவது?

விஷயம் முந்தின நாள் சாயங்காலம்தான் தெரிந்தது. தங்கபாயின் மகன் சுந்தரபாண்டியன் எங்கள் வீட்டுக்குப் போன் செய்தான். முன்பு கம்ப்யூட்டர் இருந்த மேசையில் இப்போது போன் மட்டும் இருந்தது. பரிபூரணம்தான் எடுத்தாள். கேட்கக் கேட்க அவள் முகம் வெளுத்தது.

"என்னட்டி சொல்லுதான்?"

"'அம்மா இனி தேறாது, பழசாயிருச்சு. மதுரையில புது அம்மா சொல்லி வச்சிருக்கேன். மாமா சரின்னா நாளைக்கே கொண்டாந்துருதேன்'னு சொல்லுதான்."

"பெத்த பிள்ளை பேசுத பேச்சா இது?"

"அவனுக்கும் வெக்கம் இருக்காதா? பாதிய இங்கிலீஷ்லதான் சொன்னான்."

பரிபூரணம் எட்டாவது வரை கான்வென்ட்டில் படித்தவள். வீட்டுக்கு வருகிற இங்கிலீஷையெல்லாம் அவள்தான் எனக்குத் தமிழில் சொல்வாள். ஆகவே சந்தேகத்துக்கு இடமில்லை.

அந்தப் பையன்மேல் எனக்கு ஏற்கெனவே மனத்தாங்கல் உண்டு. தொண்ணூற்றெட்டில் கம்ப்யூட்டர் படித்தவன் ஓர் ஆபீசில் உட்கார வேண்டாமா? இவனோ, 'உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வீடு தேடி வந்து வைத்தியம்' என்று பலகை எழுதி மாட்டிவிட்டு, தோளில் பையோடு ஸ்ரீவில்லிபுத்தூர் வரை மொபெட்டில் அலைந்தான். எங்கள் வகையறாவில் அடுத்தவர் வீட்டு வாசலில் போய் மணி அடித்தவர் கிடையாது.

பொன்னுராஜ் காபி கொண்டுவரச் சொன்னார். வேண்டாம் என்று கை காட்டினேன். நியாயம் தெரியாமல் நாங்கள் கை நனைப்பதில்லை.

"மாப்பிள்ளை, மதுரையிலேருந்து புதுசு ஒண்ணு வருதாமே?"

"ஆமா மச்சான். பையன் விடியமுன்னயே போயிட்டான். செத்த நேரத்துல கொண்டாந்துருவான்."

ஒளிக்கக்கூட இல்லை.

"உமக்கு இதுல சம்மதமா?"

"எனக்கென்ன? நீங்க சரின்னா போதும்னு சொல்லிட்டான். புதுசு ரெண்டு மடங்கு வேகமா வேலை பாக்குமாம்."

"அப்ப பழசை?" என்றான் வேலுசாமி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"வேணும்னா நீங்களே எடுத்துட்டுப் போயிருங்க. இல்லைன்னா பழைய இரும்புக்காரன் இருக்கான்."

நாங்கள் வந்ததுமே விஷயத்தைக் கேட்டும் அதுவரை அழாமல் இருந்த தங்கபாய், கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்த் துணிப்பையோடு வந்தாள்.

"அண்ணாச்சி, கிளம்புவோம். எனக்கு வேகம் பத்தலையாம்லா. இருட்டோட எந்திரிச்சு இட்லி அவிச்சு இவியள மில்லுக்கு அனுப்புனது எந்த வேகத்துலயாம்?"

"ஏட்டி, ஒன்ன யாரு என்ன சொன்னா?"

"பேசாதிய. புதுசு வரட்டும், அதுகிட்ட இட்லி கேளுங்க."

"அது எப்படி இட்லி அவிக்கும்?" என்றார் பொன்னுராஜ்.

"இட்லிகூட அவிக்கத் தெரியாததையா பிடிச்சிருக்கிய?" என்றாள் பரிபூரணம்.

அந்த நேரத்தில் சுந்தரபாண்டியன் உள்ளே வந்தான். கையில் தட்டையான ஓர் அட்டைப்பெட்டி. கூட யாரும் இல்லை.

"வாங்க மாமா. நீங்களே வந்துட்டீகளா?"

"ஏலே, எங்க அவ?"

"எவ மாமா?"

"மதுரையிலேருந்து நீ கொண்டாற புது அம்மா."

அவன் என்னைப் பார்த்தான். அத்தையைப் பார்த்தான். அம்மாவின் கையிலிருந்த துணிப்பையைப் பார்த்தான். பிறகு பெட்டியைத் திறந்து, பச்சை நிறத்தில் கம்பியும் பொட்டுமாக இருந்த ஒரு தகட்டை வெளியே எடுத்தான்.

"இதைத்தான் அத்தைகிட்ட சொன்னேன். மதர்போர்டு. கம்ப்யூட்டருக்குள்ள இருக்கும். தொழில்ல சுருக்கமா மதர்னு சொல்லுவோம். பழைய மதர் போயிருச்சு, புது மதர் போடணும்னேன்."

எல்லோரும் பரிபூரணத்தைப் பார்த்தோம்.

"மதர்னா அம்மாதான்" என்றாள் அவள், குரல் இறங்காமல். "கான்வென்ட்டுல அப்படித்தான் சொல்லிக் குடுத்தாக."

தங்கபாய் பையைக் கீழே வைத்தாள். "யாரு வீட்டு மதர்லே அது?"

"மாமா வீட்டு மதர்தாம்மா. போன வாரம் நான்தான அங்கேருந்து தூக்கிட்டு வந்தேன்."

பொன்னுராஜ் ஜன்னல் வழியாக வேனை எட்டிப் பார்த்தார்.

"மச்சான், பொறவு எங்க வீட்டு அண்டா எதுக்கு வேன்ல இருக்கு?"

நான் தோள்துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தேன்.

"கம்ப்யூட்டர் வழியில குலுங்கக் கூடாதுல்லா மாப்பிள்ளை. அண்டாவுக்குள்ள வச்சுத்தான் கொண்டுபோகணும்."

காபி குடித்தோம். பையன் புதுசைப் பொருத்தி முடித்ததும், அண்டாவுக்குள் வைக்கோல் பரப்பி, கம்ப்யூட்டரை இறக்கி, அப்படியே கொண்டுவந்தோம்.

தங்கைக்காக நாங்கள் சண்டைக்குப் போய், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பியதாகச் சோணைமுத்து ஆலங்குளம் வரை சொல்லித் திரிகிறான். அது பொய். நாங்கள் கம்ப்யூட்டர் எடுக்கப் போனோம்.