டீமில் ஓர் இடம்

செங்கல்பட்டுக் கல்லூரி மைதானத்தில், கால்பந்து கோச் ராகவன் முன்னால் அழாத குறையாக நின்றார் சதுரங்கப்பட்டினம் மீனவர் தேசப்பன்.

"டீம்லேர்ந்து தூக்கிட்டா ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட்டும் பூடும் சார். அப்புறம் என் புள்ள ரோஹித் எந்திரிக்கவே மாட்டான்."

"மாமல்லபுரம் பீச்சுல குடிச்சிட்டுக் கலாட்டா பண்ணியிருக்கான். தட்டிக்கேட்ட பெரியவரைப் போட்டு மிதிச்சிருக்கான். நல்லா கோல் போட்டா போதுமா?"

"தப்புதான். இந்த ஒருவாட்டி மன்னிச்சுடு சார்."

"நான் மன்னிச்சு என்ன ஆவப்போவுது? மிதி வாங்குனவர் வந்து என் முன்னாடி சொல்லட்டும்."

"சொன்னா சேத்துக்குவியா?"

"சேர்த்துக்கறேன். முதல்ல அந்த ஆளைக் கூட்டிட்டு வாங்க."

தேசப்பன் சட்டையைத் தூக்கி, கன்றிப்போன விலாவைக் காட்டினார்.

"மன்னிச்சுட்டேன் சார்."