சிவப்புக்கு ஒரு ஃபாலோ

அந்தக் கேரம் போர்டில் வெள்ளை ஒன்பது, கறுப்பு ஒன்பது, சிவப்பு மட்டும் ஒண்டிக்கட்டை. ராணி என்று சொல்லி நட்டநடுவில் வைப்பார்கள். சொல்லி என்ன? மற்ற காய்கள் குழியில் விழுந்தால் வலைக்குள் சொந்தபந்தத்தோடு கிடக்கலாம். சிவப்பு விழுந்தால் அடுத்த அடியிலேயே இன்னொரு காய் பின்னால் விழ வேண்டும். அதற்குப் பெயர் ஃபாலோ. யாரும் விழாவிட்டால் சிவப்பைத் தூக்கி மறுபடி நடுவில் வைத்துவிடுவார்கள்.

அன்று இரண்டு முறை விழுந்து, இரண்டு முறையும் திரும்பி வந்தது.

"குழி வரைக்கும் வந்தியே, உள்ளே வந்தா என்ன?" என்று ஒரு வெள்ளைக்காயிடம் கேட்டது.

"நானா வரமாட்டேன்னேன்? ஸ்ட்ரைக்கர் சரியாத் தள்ளலை," என்றது வெள்ளை.



மூன்றாம் முறை சிவப்பு விழுந்த வலை காலியாக இருந்தது. இருட்டில் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தது. மேலே டக்கென்று ஓர் அடி. கனமாக ஏதோ பக்கத்தில் வந்து விழுந்தது.

ஸ்ட்ரைக்கர்!

"நீ எதுக்கு வந்தே? நீ விழுந்தா ஃபாலோ ஆகாதே, மைனஸ் ஆச்சே!"

"தெரியும். வேற யாரும் வர்ற மாதிரி தெரியலை."

"மைனஸ்! சிவப்பை எடுத்து நடுவுல வை!" என்று மேலே கத்தினார்கள். விரல்கள் வலைக்குள் நுழைந்தன.

நடுவில் போய் உட்கார்ந்ததும் சிவப்பு திரும்பிப் பார்த்தது. கோட்டின் மேல் ஸ்ட்ரைக்கரும் ஒற்றையாகத்தான் நின்றுகொண்டிருந்தது. ஒவ்வோர் ஆட்டத்திலும் அப்படித்தான் நின்றிருக்கும். சிவப்பு ஒரு தடவைகூடக் கவனித்ததில்லை.