படுக்கையறையில் எண்பத்தாறு டிகிரி

“மறுபடியும் எண்பத்தாறா? நீயெல்லாம் மனுஷனாடா?”

ஆர்துரோ போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தான். பன்னிரண்டு வருடம் கேட்டுப் பழகிய குரல், மாரிசோலுடையது. ஃபீனிக்ஸில் அன்றைக்கு வெயில் நூற்றுப் பதினைந்து டிகிரி ஃபாரன்ஹீட். யாரோ ஒரு பணக்காரன் வீட்டுக் கூரையில் ஓடு மாற்றுகிற வேலை. கையுறையைத் தாண்டிச் சுட்டது ஓடு.

“ஏசியை எழுபத்தெட்டுக்குக் கீழே வைக்காதேன்னு எத்தனை தடவை சொன்னேன்? நீ கேக்கல. அதான் இங்கேருந்து போன்லயே ஏத்திவிட்டேன்.”

“ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரித் துணி வெளுத்துட்டு வர்றேன். பகல்லதான் நான் தூங்கணும். நேத்து எழுபத்தஞ்சுலதான் வச்சேன், அதையும் ஏத்துனே. பொட்டுத் தூக்கமில்ல. இன்னிக்குக் காலைல கார் ஓட்டும்போதே கண்ணு சொக்கி, தடுப்புச் சுவர்ல உரசிட்டேன். செத்திருப்பேன், தெரியுமா?”

“ஃபேனைப் போட்டுக்க. ஈரத்துணியைப் போத்திக்க. கரண்ட்டு என்ன சும்மாவா வருது? நான் இங்கே ஓட்டோட ஓடா வெந்துகிட்டிருக்கேன். உனக்கு மட்டும் குளுகுளுன்னு கேக்குதோ?”

“கடைசியாக் கேக்குறேன். விடுவியா, மாட்டியா?”

“அந்த ஏசியை வாங்கி மாட்டினவன் நான். நான் வைக்கிறதுதான் டிகிரி!”

“சரி. ஏசி மெக்கானிக் வந்திருக்கார். இனி அவர் பாத்துக்குவார்.” துண்டித்துவிட்டாள்.

அவனுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. வேர்வை வழிந்த கட்டைவிரலால் எண்பத்தாறைத் தொண்ணூறாக்கினான். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. பிறகு, ‘இந்த ஏசியை இயக்க உங்களுக்கு அனுமதி இல்லை’ என்று வந்தது. இன்னொரு தடவை குத்தினான். அதே வரி.

“பாத்தியா நாச்சோ!” பக்கத்தில் ஓடு அடுக்கிக்கொண்டிருந்த கூட்டாளியிடம் கத்தினான். “என்னையே வெளியே தள்ளிட்டா! வெயில்ல சாகுற ஆம்பளைக்கு இதான் மரியாதையா?”

நாச்சோ நிமிர்ந்து பார்த்தான். வாயிலிருந்த ஆணியைத் துப்பினான்.

“வாயை மூடுடா. விவாகரத்தாகி ஒன்றரை வருஷமாச்சு. வீடும் அவளுது, கரண்ட் பில்லும் அவதான் கட்டுறா. என் வீட்டுக் கார் கராஜ்ல படுத்துக் கிடக்கிற உனக்கு, அவ பெட்ரூம்ல எத்தனை டிகிரி இருந்தா என்னடா?”